குளத்தைத் தோண்டும் முன்: நெல்லை மாவட்ட நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர்களுக்கும், நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும், பாசனப் பிரிவுப் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

பிசான (பின்பருவ நெல்) அறுவடை முடிந்து, குளத்தின் உள்வாய் (தண்ணீர் நிற்கும் உட்பரப்பு) காய ஆரம்பித்ததும் தூர்வாரும் பேச்சு வந்துவிடும். மதிப்பீடு போடுவார்கள், ஜேசிபி இறங்கும், சில வாரங்களில் குளம் பார்க்கச் சுத்தமாகிவிடும். தூர்வாரக் கூடாது என்று சொல்ல இதை எழுதவில்லை. வண்டல் எடுக்காத குளம் மேடேறிக் கருவேலங்காடாகும் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கே எடுப்பது, எந்தச் சரிவில் எடுப்பது, எதை விட்டுவைப்பது என்பதுதான் எங்கள் பேச்சு. இப்போதைய மதிப்பீடுகளில் எத்தனை கனமீட்டர் மண் என்ற ஒரே கணக்குதான் இருக்கிறது. அதை மட்டும் பார்த்து வெட்டிய குளம் முதல் மழைக்கு நிரம்பும், மறுகாலில் உபரிநீரும் பாயும். இரண்டு மூன்று வருடத்தில் தண்ணீர் பச்சையாகி, விடியற்காலையில் மீன் மிதந்து, மடை வாயில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டால், அதே குளத்துக்கு மறுபடியும் மதிப்பீடு போட வேண்டியதுதான்.

இப்படி ஆவதற்குக் காரணம் இருக்கிறது. நம் குளங்களைப் போல ஆழம் குறைந்த நீர்நிலைக்கு இரண்டு நிலை உண்டு. ஒன்று, தெளிந்த நிலை. அடியில் வேலம்பாசி, கொட்டி, அல்லி போன்ற நீர்ச்செடிகள் எல்லாம் வளர்ந்திருக்கும். அவற்றின் வேர் சேற்றைப் பிடித்துக்கொள்ளும். இலையும் தண்டும் தண்ணீரிலுள்ள உரச்சத்தை உறிஞ்சும். அவற்றின் இடுக்கில் ஒளிந்திருக்கும் தண்ணீர்ப்பூச்சிகளும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சிற்றுயிர்களும் மிதக்கும் நுண்பாசியைத் தின்றுகொண்டே இருக்கும். தண்ணீர் தெளிந்திருப்பதால் அடிவரை வெயில் இறங்கும், அதனால் செடி வளரும். இன்னொன்று, கலங்கிய பச்சை நிலை. நுண்பாசி பெருகி வெளிச்சத்தை மறைக்கும்; அடிச்செடி சாகும்; பிடிப்பு விட்ட சேற்றைக் காற்றும் மீனும் கிளறும்; சேற்றிலிருந்த பாஸ்பரஸ் தண்ணீருக்கு வரும்; பாசி இன்னும் பெருகும். இரண்டு நிலையுமே தன்னைத்தானே காத்துக்கொள்ளும் தன்மை உடையவை. அதனால்தான் வருடக்கணக்காகச் சாக்கடை கலந்தும் ஒன்றும் ஆகாத குளம், ஒரே கோடையில் திடீரென்று கெட்டுப்போனதாகத் தெரிகிறது. திரும்பி வருவது இன்னும் கடினம். எந்த அளவு உரச்சத்தில் குளம் கெட்டதோ, அதைவிட வெகுவாகக் கீழே இறக்கினால்தான் பழைய தெளிவு வரும்.

உள்வாய் முழுவதையும் ஒரே பருவத்தில் சுரண்டினால், ஒரு கிலோ உரம் கூடுதலாகச் சேராமலேயே குளம் பச்சை நிலைக்குத் தாவிவிடலாம். சேற்றைப் பிடித்திருந்த செடி, அதன் கிழங்கு, விதை எல்லாம் லாரியில் ஏறிப் போயிருக்கும்.

உரக் கணக்கையும் பார்த்துவிடலாம், அது பலருக்கு நம்ப முடியாததாக இருக்கும். 50 கிலோ டிஏபி உர மூட்டையில் சுமார் 10 கிலோ பாஸ்பரஸ் இருக்கிறது. பாசியின் உடற்கூற்றுப்படி ஒரு கிலோ பாஸ்பரஸ் நூறு கிலோவுக்கு மேல் உலர்ந்த பாசியை வளர்க்கும். வயலில் போட்ட ஒரு மூட்டை அப்படியே வடிந்து குளத்தில் சேர்வதாக வைத்துக்கொண்டால், காய்ந்த எடையிலேயே ஒரு டன் பாசிக்கு அது போதும். முழு மூட்டையும் வடியாது என்பது சரி. ஆனால் மேல்குளத்து வயல் வடிகால்தான் கீழ்க்குளத்துக்கு வரத்து. கன்னடியன் கால்வாயிலும் கோடகன் கால்வாயிலும் இப்படித்தான் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தண்ணீர் இறங்குகிறது. ஊரையும் நகரையும் தொட்டு வரும் பாளையங்கால்வாய் போன்றவற்றில் இதோடு சலவைத்தூளும் கழிவுநீரும் சேரும். வரத்து வாயில் சாக்கடை விழுந்துகொண்டிருக்கும் குளத்தில் மண்ணை மட்டும் எடுப்பது வீண் செலவு. முதல் பணம் அந்த வாயைத் திருப்புவதற்குப் போக வேண்டும். திருப்ப வழியே இல்லையென்றால், வரத்து வாய்க்கு எதிரே சம்பும் கோரையும் அடர்ந்த ஒரு பட்டையை விட்டுவையுங்கள். தண்ணீர் அதற்குள் மெதுவாகப் பரவி நுழையட்டும். சேறு அங்கேயே படியும், சத்தில் ஒரு பங்கை அந்தச் செடிகள் எடுத்துக்கொள்ளும். வருடத்துக்கு ஒருமுறை மேல்தண்டை அறுத்து வெளியே எடுத்தால்தான் அந்தச் சத்து குளத்தை விட்டுப் போகும். அறுத்து உள்ளேயே போட்டால் அழுகித் திரும்பத் தண்ணீருக்கே வந்துவிடும்.

குளம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு தகரத் தட்டை நான்கு கால்பங்காகப் பிரித்து, கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றி அடியுங்கள். நடுவில் துளையிட்டு, கீழே ஒரு கல் எடை கட்டி, 10 சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் தொங்கவிடுங்கள். காலை பத்து மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் இடையில், நிழல் விழும் பக்கமாக இறக்குங்கள். தட்டு மறையும் ஆழத்தையும், தூக்கும்போது மறுபடி தெரியும் ஆழத்தையும் எடுத்துச் சராசரி போடுங்கள். ஒரு மீட்டர் தாண்டியோ அடிவரையோ தெரிந்தால் நல்லது. 30க்கும் 60க்கும் நடுவில் இருந்தால் கவனம் வேண்டும். 25க்குக் கீழே போனால் ஆபத்து. ஒரு எச்சரிக்கை: மழைக்குப் பின் செம்மண் கலங்கியிருந்தாலும் தட்டு சீக்கிரம் மறையும். ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து இரவு முழுதும் அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் மண் படிந்து மேலே தெளிந்தால் அது வண்டல். காலையிலும் பச்சையாகவே இருந்தால் நுண்பாசி.

பச்சைக் குளத்தில் மீன் சாவது பெரும்பாலும் விஷத்தால் இல்லை. பகலில் பாசி ஆக்சிஜனை வெளிவிடும். இரவில் அதுவே மூச்சுவிட்டு ஆக்சிஜனைத் தீர்க்கும். 30 டிகிரி வெப்பமுள்ள தண்ணீரில் காற்றோடு சமநிலையில் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் நிற்கும். விடியும் முன் அது இரண்டு மூன்றுக்கு இறங்கினால் மீன் மேலே வந்து வாய் பிளக்கும். இரண்டு மூன்று நாள் மேகமூட்டமாக இருந்தால் பகலிலும் சேமிப்பு ஏறாது, நாலாம் நாள் காலையில் மீன் மிதக்கும். விரால், குறவை, தேளி இவை வெளிக்காற்றையும் சுவாசிப்பதால் தப்பும். முதலில் போவது கட்லா, ரோகு, மிர்கால். அந்த நேரத்தில் கைவசமுள்ள ஒரே வழி, கால்வாயில் புதுத்தண்ணீர் இருந்தால் திறந்துவிடுவது. மீன் வளர்ப்புக்கென்று சாணம் கொட்டும் வழக்கம் இருந்தால் அன்றே நிறுத்த வேண்டும்.

இனி சரிவு. இதில்தான் மதிப்பீடு மாற வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறோம்.

நம் குளங்களின் பழைய அமைப்பு கரையோரம் ஆழம், நீர்வரத்துப் பக்கம் மெல்லிய சரிவு என்பது. இயந்திரத்துக்கு இது தோதுப்படாது. ஒரே மட்டத்தில் வெட்டி, ஓரத்தைச் செங்குத்தாக விட்டுப் போவது அதற்குச் சுலபம். செங்கால் நாரை போன்ற நடந்து இரை தேடும் பறவைகளுக்கும் சங்குவளை நாரைக்கும் சுமார் 25 சென்டிமீட்டர் வரையான தண்ணீர்தான் இரைக்களம். உள்ளான்களுக்கு அதிலும் குறைவு, சில சென்டிமீட்டர்தான். கூழைக்கடா நீந்திப் பிடிக்கும், அதற்கு ஆழம் பிரச்சினை இல்லை. ஓரம் 1:20 சரிவில் (20 மீட்டர் தூரத்துக்கு ஒரு மீட்டர் இறக்கம்) இருந்தால், 25 சென்டிமீட்டர் ஆழம் வரையுள்ள பட்டையின் அகலம் 5 மீட்டர். 1:2 சரிவில் வெட்டினால் அரை மீட்டர். இரண்டு கிலோமீட்டர் நீர்க்கரை உள்ள குளத்தில் முன்னது ஒரு ஹெக்டேர் இரைக்களம். பின்னது அதில் பத்தில் ஒரு பங்கு. தண்ணீர் வற்ற வற்ற இந்தப் பட்டை உள்நோக்கி நகர்ந்துகொண்டே போகும். மெல்லிய சரிவில் தை முதல் வைகாசி வரை ஒவ்வொரு நாளும் புதுச்சேறு வெளிப்படும். செங்குத்துக் குளத்தில் தண்ணீர் இருக்கும், நாரை நிற்க இடம் இருக்காது.

கூந்தன்குளம் பற்றிக் கவலைப்படுபவர்கள் கூந்தன்குளத்தை மட்டும் பார்ப்பது போதாது என்பதும் இதனால்தான். 1994இல் பறவைகள் சரணாலயமாகி, 2022இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் அறிவிக்கப்பட்ட இடம் அது. மணிமுத்தாறு அணைத் தண்ணீர் வந்தால் நிரம்பும். ஊர் நடுவிலும் குளத்துக்குள்ளும் உள்ள மரங்களில் பறவைகள் கூடு கட்டும். ஆனால் அத்தனை குஞ்சுகளுக்கும் இரை அந்த ஒரு குளத்தில் கிடைக்காது. உணவுச் சங்கிலியில் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகும்போது சுமார் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். இடத்துக்கு இடம் ஐந்து சதவீதம், இருபது சதவீதம் என்று மாறும். ஆயிரம் கிலோ பாசி நூறு கிலோ சிற்றுயிராகும், அது பத்து கிலோ பொடிமீனாகும், அது ஒரு கிலோ பறவையாகும். ஆகவே தாய்ப்பறவைகள் நாங்குநேரி, மூலைக்கரைப்பட்டி, விஜயநாராயணம் பக்கத்துக் குளங்களுக்கும் வயல்களுக்கும் பறந்து போய்த்தான் இரை கொண்டுவருகின்றன. திருப்புடைமருதூரிலும் அப்படித்தான், 2005இல் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட அந்த ஊர் மரங்களில் கூடு, இரை சுற்றியுள்ள வயலிலும் ஆற்றிலும். பெயர் தெரியாத ஒரு சிறு குளத்தைச் செங்குத்தாக வெட்டினால் அதன் விளைவு பல மைல் தள்ளி ஒரு கூட்டில் தெரியும். 2011 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் உங்கள் குளமும் இருந்தால், அந்த எண்ணிக்கையை மதிப்பீட்டோடு இணைத்து வையுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட வேறு அளவுகோல் நம்மிடம் குறைவு.

எங்கள் பரிந்துரை இது. குளத்தை மூன்று பங்காக மனதில் பிரித்து, ஒரு பங்கை இந்த வருடம் தொடாதீர்கள். கரையின் அடியை ஒட்டித் தோண்டவே கூடாது. அடி அறுபட்டால் வெள்ளத்தில் கரை சரியும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் எத்தனை கரை உடைந்தது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். கரையடியிலிருந்து போதிய இடைவெளி விட்டு ஆழப்படுத்துங்கள். அங்கிருந்து நீர்வரத்துப் பக்கம் 1:15 அல்லது அதைவிட மெல்லிய சரிவு வரட்டும். மடை அடிமட்டத்துக்குக் கீழே போகும் ஆழம் பாசனத்துக்கு உதவாது என்பதால் முழுக்க அப்படி வெட்டத் தேவையில்லை. ஆனால் பரப்பில் இருபதில் ஒரு பங்கு மட்டும் மடைமட்டத்துக்குக் கீழே ஒன்றரை மீட்டர் கசமாக (கோடையிலும் தண்ணீர் நிற்கும் ஆழக் குழியாக) இருக்கலாம். கோடையில் நாளுக்குச் சுமார் 6 மில்லிமீட்டர் ஆவியாகப் போனாலும் 120 நாளில் 72 சென்டிமீட்டர்தான்; கசிவு அதிகமில்லையென்றால் கசத்தில் தண்ணீர் மிஞ்சும். அடுத்த புதுவெள்ளத்துக்குக் குஞ்சு பொரிக்க வேண்டிய நாட்டு மீன்கள் அங்கேதான் கோடையைக் கழிக்கும்.

கசிவு என்றதும் ஒன்று. வெட்டும் முன் நான்கைந்து இடத்தில் ஒரு மீட்டர் ஆழத்துக்குக் குழி போட்டுப் பாருங்கள். மேலே வண்டல், அடுத்து இறுகிய களி, அதற்குக் கீழே சரளையோ மணலோ சுண்ணாம்புக்கல்லோ இருக்கும். தண்ணீரைத் தாங்கி நிற்பது அந்தக் களிதான். அதில் 30 சென்டிமீட்டராவது மிச்சம் வைக்காமல் துளைத்துவிட்டால், கொள்ளளவு கூடிய கணக்கு காகிதத்தில் இருக்கும், குளம் பொங்கலுக்குள் வற்றிவிடும். வண்டலை எடுத்து ஏக்கருக்கு 75 கனமீட்டர் போட்டால் வயலில் ஏறுவது ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் படிவு. மணற்பாங்கான புஞ்சைக்கு அது நல்ல வரம். சாக்கடை கலந்த குளத்து வண்டலை மட்டும் மண் பரிசோதனை இல்லாமல் வயலில் போடாதீர்கள்.

மேல்மண் பத்து சென்டிமீட்டர் தனி விஷயம். அல்லி, கொட்டி, கோரை, நீர்முள்ளி எல்லாவற்றின் விதையும் பெரும்பாலும் அந்த மெல்லிய அடுக்கில்தான் உறங்குகின்றன. தொடாமல் விட்ட பங்கிலிருந்து இவை பரவும் என்றாலும், நல்ல செடி இருந்த இடத்து மேல்மண்ணை முதலில் சுரண்டி, ஒரு மீட்டருக்கு மேல் உயராத குவியலாக வையுங்கள். வேலை முடிந்ததும் புதுச்சரிவில் ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்குத் திரும்பப் பரப்புங்கள். இதைச் செய்யாத வெறுந்தரையில் முதலில் வருவது எது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: சீமைக்கருவேலமும் நெய்வேலிக் காட்டாமணக்கும். கலைந்த மண்ணில், போட்டி இல்லாத இடத்தில், வேகமாக வளர்வதற்கென்றே வாய்த்த செடிகள் அவை. இயந்திரம் ஒரு விதத்தில் அவற்றுக்கு நாற்றங்கால் தயார் செய்து கொடுக்கிறது.

காட்டாமணக்கை இயந்திர வாளியால் நசுக்கினால் ஒவ்வொரு துண்டும் வேர்விடும். வேரோடு பிடுங்கி, கரைக்கு வெளியே வெயில் படும் காய்ந்த தரையில் போட வேண்டும். சீமைக்கருவேலத்தைத் தரைமட்டத்தில் வெட்டினால் அடிக்கட்டை துளிர்க்கும். மண்ணுக்குள் ஒரு அடியாவது தோண்டி வேர்க்கழுத்தை எடுத்தாக வேண்டும். அடுத்த மூன்று வருடம், முதல் மழைக்குப் பின் முளைக்கும் கன்றுகளைக் கையால் பிடுங்க ஆள் வைக்க வேண்டும். இந்தச் செலவை மதிப்பீட்டில் யாரும் சேர்ப்பதில்லை. நெற்றைத் தின்ற ஆடுமாட்டின் சாணத்தில் விதை முளைப்புத் திறனோடு வருவதால், நெற்று உதிரும் காலத்தில் கிடையை உள்வாயில் போடாமலிருப்பது நல்லது. ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்கு இயந்திரம் போகும்போது வாளியையும் சக்கரத்தையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவச் சொல்லுங்கள். அரைமணி நேர வேலைதான். நாட்டுக் கருவேலம் வேறு. பறவைகள் கூடு கட்டும் மரங்களைத் தொடாதீர்கள். எச்சமும் நிற்கும் தண்ணீரும் சேர்ந்து கூட்டு மரங்கள் நாளடைவில் பட்டுப்போகும் என்பதால், சில வருடத்துக்கு ஒருமுறை புதுக்கன்றுகளும் நட வேண்டும்.

பறவைகள் கூடு கட்டட்டும் என்று மண்ணை உள்ளேயே கொட்டித் திட்டு அமைப்பது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. வெளியே ஏற்ற வேண்டிய மண்ணுக்கு இடம் கண்டுபிடிக்கும் சிக்கனம் அதில் உண்டு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கூடு கட்டும் காலம் முடியும்வரை சுற்றிலும் ஒரு மீட்டர் தண்ணீர் நிற்காத திட்டு, நாய்க்கும் கீரிக்கும் விருந்து வைத்ததாகும். பக்கச்சரிவு 1:4க்கு மேல் செங்குத்தானால் இரண்டு மழையில் கரைந்து பழைய இடத்துக்கே வந்துவிடும்.

ஆகாயத்தாமரை சாதகமான காலத்தில் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். நாற்பது ஏக்கர் குளத்தில் கார்த்திகை தொடக்கத்தில் ஒரு ஏக்கர் இருந்தால், பத்து வாரத்தில் முப்பத்திரண்டு ஏக்கர். ஒரு ஏக்கராக இருக்கும்போது யாரும் கூட்டம் போடுவதில்லை. வரத்து வாயில் காலிக் கேன்களைக் கோத்த கயிற்றை மிதவையாகக் கட்டினால் மேலிருந்து வருவது அங்கேயே தேங்கும். வாரம் ஒருமுறை வாரிப் போடலாம். பூக்கும் முன் எடுக்க வேண்டும், விதை சேற்றில் பல வருடம் கிடக்கும். மருந்தடித்தால் அத்தனையும் ஒரே நேரத்தில் மூழ்கி அழுகும், ஆக்சிஜன் தீரும், உரச்சத்தும் தண்ணீரிலேயே நிற்கும்.

காலம் குறிப்பதில் எளிய விடை கிடையாது. கூடு கட்டுவது பெரும்பாலும் தை, மாசியில் தொடங்கி வைகாசி, ஆனி வரை நீளும். மானாவாரிக் குளங்களில் ஆனி முதல் புரட்டாசி வரை வேலைக்கு இடம் இருக்கிறது. தாமிரபரணிக் கால்வாய்க் குளங்களில் அணை இருப்பு நன்றாக இருந்தால் ஜூன் முதல் கார் பருவ நெல்லுக்குத் தண்ணீர் திறந்துவிடுவார்கள். மிஞ்சுவது சித்திரையும் வைகாசியும்தான், அப்போது குஞ்சுகள் கூட்டில் இருக்கும். அங்கே பாதிக் குளம் இந்த வருடம், மறுபாதி இரண்டு வருடம் கழித்து என்று வைப்பதைத் தவிர வேறு வழி எங்களுக்குத் தெரியவில்லை. குளம் வற்றிக் காய்வதைக் கெடுதலாக நினைக்க வேண்டாம். காற்றுப்பட்ட சேற்றில் இரும்பு பாஸ்பரஸைப் பிடித்து வைக்கும், சேறு இறுகும். அதன்மேல் புதுவெள்ளம் ஏறும்போது வெளிவரும் சத்தில் சிற்றுயிர்கள் பொங்கும்; மீன்குஞ்சுக்கு அதுதான் முதல் உணவு. ஆகவே ஐப்பசியில் முதல் வெள்ளம் வந்த இரண்டு வாரம் கால்வாயில் குறுக்குவலை கட்ட விடாதீர்கள். ஏறி வரும் மீன் முட்டையிடப் போகும் மீன்.

மீன்பாசி குத்தகை விடும்போது மூன்று நிபந்தனையைச் சேருங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி தடைசெய்யப்பட்டது. விட்டால் குத்தகை ரத்து. புல்கெண்டை செடியைத் தின்று தீர்ப்பது, சாதாக் கெண்டை அடிச்சேற்றைக் கிளறுவது. இரண்டையும் தாராளமாக விட்ட குளம் பச்சையாவதில் வியப்பில்லை, எனவே எண்ணிக்கைக்கு உச்சவரம்பு. கசத்தை வற்றடித்துக் கடைசி மீன்வரை அள்ளக் கூடாது. விராலை விட்டுவைத்தால் பொடிமீன் குறைந்து, பாசியைத் தின்னும் சிற்றுயிர்கள் பெருகி, தண்ணீர் தெளியும் என்று வெளிநாட்டு ஏரி அனுபவத்தைச் சொல்பவர்கள் உண்டு. நம் சூட்டில் பொடிமீன் வருடம் முழுதும் பெருகுவதால் அந்த வித்தை இங்கே அவ்வளவாக எடுபடாது. விராலை விரால் என்பதற்காகவே விட்டுவையுங்கள்.

ஒப்பந்தத்தில் சரிவையும், விட்டுவைக்கும் பங்கையும், மேல்மண்ணையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். சரிவை அளக்க நீண்ட கயிறும் தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயும் போதும்: 15 மீட்டர் தூரத்தில் மட்டம் ஒரு மீட்டருக்கு மேல் இறங்கியிருக்கக் கூடாது. ஐம்பது மீட்டருக்கு ஓரிடமாக அளந்து, இயந்திரம் ஊரை விட்டுக் கிளம்பும் முன், கடைசித் தவணைப் பணம் கொடுக்கும் முன், சங்கப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். லாரி போன பிறகு திருத்தித் தர யாரும் வரமாட்டார்கள்.

வணக்கத்துடன்,
தாமிரபரணிக் குளங்களின் சூழலியலில் வேலை செய்பவர்கள் சிலர்
திருநெல்வேலி